கன்டெய்னர் வீடா? முதலில் காணியைக் கொடு!



மலையகத்தின் வீட்டுப் பிரச்சினைக்கு இப்போது ஒரு புது வைத்தியம் பேசப்படுகிறது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, வெட்டிக் கதவும் யன்னலும் வைத்து வீடாக்கலாம் என்கிறார்கள். செலவு குறைவு, வேலை சுருக்கு, காற்றுக்கு அசையாது என்று பெருமை சொல்கிறார்கள். கைத்தொலைபேசியில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் சிலரும், "லயத்தை விட இது மேல்தானே?" என்று கேட்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நம் மலைகளை என்ன செய்தன என்பது நமக்குத் தெரியும். வீடிழந்தவர்களுக்கு உடனே ஒரு கூரை வேண்டும். அவசரத்தில் இருப்பவர் எதை நீட்டினாலும் வாங்குவார். அதனால்தான் இந்தப் பேச்சை இப்போதே எடுத்து அலசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கன்டெய்னர் வீடு மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், அதை வைக்க நமக்குக் காணி எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான். காணியைக் கொடுக்காமல் வீடு கொடுத்ததாகக் கணக்குக் காட்ட இதைவிட வசதியான பொருள் கிடையாது.

அளந்து பார்ப்போம்

சாதாரண கன்டெய்னர் 20 அடி நீளம், 8 அடி அகலம். பெருக்கிப் பாருங்கள்: 160 சதுர அடி. அதுவும் வெளி அளவு. உள்ளே அகலம் 7 அடி 8 அங்குலம்தான். குளிர் தாங்க இரு பக்கமும் பலகை அடித்தால் அதிலும் குறையும். ஆறடிக் கட்டில் ஒன்றைக் குறுக்கே போட்டால் மிச்சம் ஓரடிக்குச் சற்று மேல். ஒருவர் எழும்பிப் போக மற்றவர் காலை மடக்க வேண்டும்.

நம் லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 120 சதுர அடி. இஸ்தோப்பையும் அடுப்படியையும் சேர்த்தால் கன்டெய்னரின் அளவுக்கு வந்துவிடும், சில இடங்களில் அதைத் தாண்டியும் போகும். அப்படியென்றால் லயத்திலிருந்து நாம் எங்கே போகிறோம்? அதே அளவுக்குத்தான் போகிறோம். சுவர் மட்டும் கல்லிலிருந்து இரும்புக்கு மாறுகிறது.

இந்திய வீட்டுத் திட்டத்தில் மலையகத்துக்கு வந்த வீடு 550 சதுர அடி. இரண்டு அறை, முன் கூடம், சமையலறை, கழிவறை. அதே அளவுக்கு இடம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மூன்றரைக் கன்டெய்னர் வேண்டும். "ஒரு பெட்டி இவ்வளவுதான்" என்று விலை சொல்பவர்கள் மூன்றரைப் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை. 40 அடிப் பெட்டி இருக்கிறதே என்பார்கள். கொழுந்து லொறி திரும்புவதற்கே பாடுபடும் நம் தோட்டத்துப் பாதை வளைவுகளில் 40 அடிப் பெட்டியை ஏற்றி வந்து காட்டட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடிக்குச் சற்று மேல். 20 அடிப் பெட்டி உட்காரும் இடம் அரைப் பேர்ச்சஸை விடக் கொஞ்சம் கூட. நாம் வாங்கிய வாக்குறுதி 7 பேர்ச்சஸ். அது போதாது, கூட்டித் தா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் அரைப் பேர்ச்சஸில் காரியத்தை முடித்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இரும்பும் நம் குளிரும்

நுவரெலியாவிலும் மஸ்கெலியாவிலும் பனிக்காலத்து விடியல் எப்படியிருக்கும் என்று கொழும்பிலிருந்து வரைபடம் போடுபவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். இரும்பு வெளியே இருக்கும் குளிரை அப்படியே உள்ளே கொண்டு வரும். இரவில் ஐந்து பேர் உள்ளே படுத்து மூச்சு விட்டால் அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்த்துச் சொட்டும். போர்வை நனையும், பிள்ளையின் கொப்பியும் நனையும். இழுப்பும் சளியும் உள்ள பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏற்கெனவே நிறையப் பேர். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் கதை தலைகீழ்: பகல் வெயிலில் உள்ளே இருக்க முடியாது.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. உள்ளே தடுப்புப் பலகை அடிக்க வேண்டும், மேலே தனிக் கூரை போட வேண்டும், காற்றோட்டம் வைக்க வேண்டும். அதெல்லாம் தனிச் செலவு. யன்னலுக்காகத் தகட்டை வெட்டினால் பெட்டி பலம் குறையும். சுற்றிச் சட்டம் வைத்து ஒட்ட வேண்டும். கப்பல் பெட்டியின் பலகைத் தரையில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றுவது வழக்கம். மலையில் மருந்து அடித்து மருந்து அடித்து நம் ஆட்கள் பட்டது போதாதா? அந்தத் தரையிலே கைக்குழந்தையைத் தவழ விடச் சொல்கிறார்களா?

அடுப்பையும் மறந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் விறகு அடுப்புத்தான். எட்டடி அகல இரும்புப் பெட்டிக்குள் விறகு எரித்தால் புகை எங்கே போகும்? வெளியே அடுப்படி கட்ட வேண்டும் என்றால் அதற்கும் காணி வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் அதுதான்.

பெட்டியும் சும்மா வந்து உட்காராது. வெறும் 20 அடிப் பெட்டியே இரண்டு தொன்னுக்கு மேல் நிறை. சரிவு நிலத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டும், நான்கு மூலையிலும் கொங்கிரீட் கட்டை போட வேண்டும், கிரேன் கொண்டு வர வேண்டும். காற்றுக்கு அசையாத பெட்டி மண்சரிவுக்கு அசையும். மலை இறங்கி வந்தால் கல் வீடும் போகும், இரும்புப் பெட்டியும் போகும். உயிரைக் காப்பது, ஆபத்தில்லாத இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும் காணி. சுவர் எதனால் கட்டியது என்பது அதற்குப் பிறகுதான்.

"தற்காலிகம்" என்ற வார்த்தை

"இது தற்காலிகம்தான், பிறகு நல்ல வீடு வரும்" என்பார்கள். இந்த வார்த்தையோடு நமக்குப் பழைய பழக்கம் இருக்கிறது. லயமே தற்காலிகமாக வந்ததுதான். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்து போகும் ஆட்களை அடைக்கப் போட்டது அது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, வருடம் முழுவதும் ஆள் தேவைப்பட்டது, ஆட்கள் இங்கேயே தங்கினார்கள். லயமும் தங்கிவிட்டது. வெள்ளைத்துரை போனார், அரசு எடுத்தது, கம்பனி வந்தது. ஆள் மாறியும் காம்பரா மாறவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போயின. நாடே அழுதது. தப்பியவர்களின் கைக்குப் புது வீட்டுச் சாவி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு போனது. அந்த இரண்டு ஆண்டும் "தற்காலிகம்" என்றுதான் சொன்னார்கள்.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். துருக்கியில் 2023 பெப்ரவரி 6ஆம் திகதி பூகம்பத்துக்குப் பிறகு கன்டெய்னர் நகரங்களையே எழுப்பினார்கள். கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு கடந்தும் இலட்சக்கணக்கானோர் அந்தப் பெட்டிகளிலேயே இருந்தார்கள். பணக்கார நாடான இங்கிலாந்தில் வீடில்லாத குடும்பங்களைக் கன்டெய்னரில் வைத்தார்கள். கோடையில் வேகிறது, குளிர்காலத்தில் உறைகிறது என்று 2019இல் அங்கே சிறுவர்களுக்கான ஆணையாளரின் அறிக்கையே சொன்னது.

வடக்கில் நடந்தது நமக்குப் பாடம்

இரும்பு வீட்டுக் கதை இலங்கைக்கும் புதிதில்லை. போர் முடிந்த வடக்கு, கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் என்று 2015, 2016 காலத்தில் ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு உருக்குக் கம்பனி ஒன்று செய்து தரும், ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றார்கள். பொறியியலாளர்கள் கணக்கை எடுத்து வைத்து, இந்தக் காசில் கல் வீடு கிட்டத்தட்ட இரண்டு கட்டலாம் என்று காட்டினார்கள். எங்கள் ஊர் மேசனுக்கு வேலை எங்கே, அடுப்புப் புகை எங்கே போகும், துருப்பிடித்தால் யார் திருத்துவது என்று மக்கள் கேட்டார்கள். அந்த 65,000 இரும்பு வீடு, நினைத்தபடி எழும்பவில்லை. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கல் வீடு வேண்டும் என்றார்கள்.

வடக்குச் சனத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களில் பலரிடம் காணி உறுதி இருந்தது. தன் காணியில் நின்று ஒருவர் "இது வேண்டாம்" என்று சொல்ல முடியும். உறுதியில்லாத நாம் "வேண்டாம்" என்றால், "அப்படியென்றால் லயத்திலேயே இரு" என்று பதில் வரும். ஆகவே நாம் தனித்தனியாகப் பேசக் கூடாது.

பெட்டி யாருடைய சொத்து?

இதைக் கேட்காமல் ஒருவரும் உள்ளே காலடி வைக்கக் கூடாது. நிர்வாகம் கொண்டு வந்து நிர்வாகத்தின் காணியில் வைத்தால், அது நிர்வாகத்தின் பெட்டி. செக்ரோலில் பெயர் இருக்கும் வரை இருக்கலாம். ஐம்பத்தைந்து வயதில் தாய் வேலையை விட்டால்? மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனால்? காம்பராவைக் காலி பண்ணு என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குப் பெட்டியைக் காலி பண்ணு என்று சொல்வது கஷ்டமா? காம்பராவை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பெட்டியைக் கிரேன் வைத்துத் தூக்கி ஒரே நாளில் வேறு மலைக்குக் கொண்டு போகலாம்.

வீட்டுக்கு இலக்கம் வேண்டும், முகவரி வேண்டும். பாடசாலையில் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளை முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும்தான் எழுதுகிறது. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே கிடந்து, பிந்தி வருகிறது. உயர்கல்விக்கு வந்த கடிதம் பிந்தினால் அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் போகிறது. இலக்கமில்லாத இரும்புப் பெட்டி இதில் எதை மாற்றும்?

காசு இல்லை என்பார்கள். இந்தியாவின் 10,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 28 இலட்சம் ரூபா ஆகிறது, இந்தக் கணக்கில் எல்லோருக்கும் கட்ட முடியுமா என்பார்கள். நாம் கேட்பது: காணிக்கு என்ன காசு? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டக் காணி அரசுக்கு வந்தது. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது நிர்வாகம், பிறகு குத்தகை. சொந்தக்காரர் இன்றும் அரசுதான். உறுதி எழுத அரசு யாருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. காணி கையில் இருந்தால் வங்கியில் கடன் கேட்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். கொழும்பில் மாடிக்கு மாடி சுவர் எழுப்புவது நம் பிள்ளைகள். சொந்தக் காணியில் தாய்க்கு ஒரு வீடு கட்ட அவர்களுக்குத் தெரியாதா?

நாம் என்ன செய்ய வேண்டும்?

இன்று கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் உறவினர் வீட்டு இஸ்தோப்பிலும் படுத்திருக்கும் குடும்பத்திடம் "பெட்டியில் ஏறாதே" என்று சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடைத்தால் ஒதுங்கட்டும். ஆனால் ஒதுங்குவது வேறு, குடியிருப்பது வேறு. எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பதற்கு முன் தோட்டக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். அந்தத் தாளில் இந்த நான்கும் இருக்க வேண்டும்:

1. பெட்டியில் இருக்க வேண்டிய காலம் எத்தனை மாதம், முடியும் திகதி எது என்ற எழுத்து.

2. நிரந்தர வீட்டுக்கான காணி எது, அது ஆபத்தற்றது என்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று.

3. அந்தக் காணியின் உறுதி, கணவன் மனைவி இருவர் பெயரிலும். தோட்டத்தில் வேலை செய்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை கூடாது.

4. பெட்டியில் இருப்பதால் நிரந்தர வீட்டுப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படாது என்ற உத்தரவாதம்.

இதில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்து இல்லை.

ஒவ்வொரு டிவிஷனிலும் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் வீடிழந்த குடும்பங்களின் பெயர்ப் பட்டியலை நாமே எழுதி வைப்போம். நிர்வாகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களைச் சேர்ப்போம். பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒரு பிரதி கொடுப்போம். தோட்டங்களுக்குச் செலவு செய்ய முடியாது என்று பிரதேச சபைகள் கைவிரித்த காலம் 2018 சட்டத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. அதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நம் முன்னோர் நடந்த பாதையில், நாமும் இந்த நாட்டு மக்கள் என்று சொல்லி நடந்தோம். அந்த நடையின் முடிவில் ஒரு இரும்புப் பெட்டி போதும் என்று நாம் சொல்லவில்லை. கப்பலில் தேயிலை ஏறிப் போகும் பெட்டி தேயிலைக்கே இருக்கட்டும். அதைப் பறித்த கைகளுக்குக் காணி வேண்டும், உறுதி வேண்டும், கல் வீடு வேண்டும்.

சந்தா கட்டும் ஒவ்வொருவரும் இந்த நான்கு கோரிக்கையையும் பக்கத்துக் காம்பராவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மாதக் கூட்டத்துக்குக் குடும்பமாக வாருங்கள்.

காணி நம் உரிமை! ஒன்றுபடுவோம்!