வெள்ளம் வந்த பிறகா அணை?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்பவர்கள் வளவனூர் ஸ்டேஷனைக் கடக்கும்போது வயலையும் தோப்பையும் பார்த்து மகிழ்வார்கள். இந்தச் சாந்தமான பூமியைச் சுற்றித்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னாட்டின் தலைவிதி நிர்ணயமாயிற்று என்பது அவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

வடமேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. மொகலாய சைன்யத்தை 1690 முதல் 1698 வரையில் வாசலிலேயே காக்க வைத்த கோட்டை அது. அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். மலை தேய்ந்துவிடவில்லை, மதிலும் கரைந்துவிடவில்லை. பின் என்னதான் மாறிற்று?

விடை 1746-லேயே அடையாற்றங்கரையில் எழுதப்பட்டிருந்தது. ஆற்காட்டு நவாபின் குமாரர் மாபூஸ்கானிடம் சுமார் பதினாயிரம் பேர் இருந்தார்கள், பீரங்கிகளும் இருந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸிடம் இருந்தவர்களோ ஏறத்தாழ ஆயிரம் பேர். பீரங்கி ஒன்றுகூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே! ஆயினும் அவர்கள் ஆற்றைக் கடந்து, ஒருமுகமாகச் சுட்டு, துப்பாக்கிச் சனியனுடன் பாய்ந்தார்கள். நவாபின் படை சிதறி ஓடிற்று. வீரம் இரு பக்கத்திலும் ஒன்றுதான். பயிற்சியும் கட்டுப்பாடுமே வேறு. அந்தப் பாடத்தை நம் அரசர்கள் உரிய காலத்தில் கற்கவில்லை. 1760-ல் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் மண்ணுக்காகப் போரிட்டார்கள். மண்ணுக்குரியவர்கள் வேடிக்கை பார்க்க நேர்ந்தது.

"அது பழங்கதை, சுதந்திர தேசத்தில் அப்படி நடக்குமா?" என்று கேட்கலாம். 1962-ஆம் வருஷம் அக்டோபரில் சீனப் படை இமயத்தைத் தாண்டி வந்தபோது, நம் ஜவான்களில் பலர் பருத்தி உடையும் கான்வாஸ் பூட்ஸும் அணிந்து, பழைய 303 துப்பாக்கியுடன் பனியில் நின்றார்கள். அவர்களுடைய தைரியத்தில் குறைவில்லை. அவர்களை அங்கே அனுப்பியவர்களின் முன்யோசனையில்தான் குறைவு.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன் விலகினார், ஒய். பி. சவான் பொறுப்பேற்றார். மலைப் போருக்கென்றே தனி டிவிஷன்கள் உருவாயின. சேனையை எட்டே கால் லட்சம் பேராகப் பெருக்கத் திட்டமாயிற்று. 1963-ல் நம் சென்னைப் பரங்கிமலையிலேயே அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதே 1965-ல் பாகிஸ்தான் படையெடுத்தபோது நம் சேனை உறுதியுடன் எதிர்த்து நின்றது. மூன்றே வருஷத்தில் செய்ய முடிந்ததை அதற்கு முந்திய பதினைந்து வருஷத்தில் ஏன் செய்யவில்லை?

1999-ல் கார்கில் போர் நடந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்களின் தலைமையில் ஒரு கமிட்டி குறைகளை ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து 2001-ல் மந்திரிகள் குழு, முப்படைகளையும் இணைக்க ஒரு தலைமை அதிகாரி வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அந்தப் பதவியில் முதல்வர் அமர்ந்ததோ 2020 ஜனவரி முதல் தேதி. ரத்தத்தின் ஈரம் காய்ந்ததும் சீர்திருத்தமும் தூங்கப் போய்விடுகிறது!

ராணுவ விஷயம் நிபுணர்களின் விஷயம், குடும்பஸ்தர்களுக்கு என்ன வேலை என்று இருந்துவிடலாகாது. வரி நம்முடையது; எல்லையில் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். 1962-ன் தோல்வியை ஆராய்ந்த ராணுவ அறிக்கையை எந்த சர்க்காரும் இதுவரை முழுமையாக வெளியிடவில்லை. ரகசியங்கள் சில ராணுவத்துக்கு அவசியந்தான். ஆனால் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட தவறு யாருக்கு ரகசியம்? எதிரிக்கு அது தெரியும். தெரியாதவர்கள் நாம் மட்டுமே.

ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் சாலையும் விளக்கும் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே, "ஜவானுக்குப் பூட்ஸ் இருக்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம். சமாதான காலத்தில் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பயன் உண்டு.