வழியுரிமையோ, வழிவிடுங் கடனோ?

கடலிற் கலங்கள் இரண்டு எதிர்ப்படுமாயின் முற்செல்லும் உரிமை எதற்குளது என்பது பலரும் வினவும் வினா. சாலையிற் செல்லும் வண்டிகளைக் கண்டு பழகிய நமக்கு அங்ஙனம் வினவுதல் இயல்பே. ஆயினும் அவ்வினாவே பிழைபட்டதென்பதும், உரிமை தன்னதென்று எண்ணி வாளாவிருத்தலாற் பெருங்கேடு விளையுமென்பதும் எமது கருத்து. அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றாம்.

பாய்மரக் கலங்களே கடலை ஆண்ட காலத்துக் காற்றே பெரும்பாலும் அவற்றின் வழியை வகுத்தது. காற்றுக்கு அடங்காது எத்திசையினும் விரைந்து செல்லும் நீராவிக் கப்பல்கள் தோன்றிய பின்னர், யாவர்க்கும் பொதுவாகிய விதிகள் இன்றியமையாதன ஆயின. இங்கிலாந்திற் கலங்கரை விளக்கங்களைப் புரக்கும் டிரினிட்டி ஹவுஸ் என்னுங் கழகம் 1840-ஆம் ஆண்டில் நீராவிக் கலங்கட்குச் சில விதிகள் வகுத்தது. 1846-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவற்றிற்குச் சட்டவலிமை அளித்தது. 1863-இல் இங்கிலாந்தும் பிரான்சும் கூடிப் பொதுவிதிகளை அமைக்கவே, பிற நாடுகளும் அவற்றைத் தழுவின. இன்று வழங்குவது 1972-ஆம் ஆண்டு இலண்டனில் வகுக்கப்பெற்று, 1977-ஆம் ஆண்டு ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த விதித்தொகுதியாகும். இந்தியாவும் அதனை ஏற்றுள்ளது.

அவ்விதிகளுட் சிலவற்றை முதற்கண் அறிதல் நலம். நேர் எதிர்ப்படும் இரண்டு இயந்திரக் கலங்களும் தத்தம் வலப்புறம் ஒதுங்குக. குறுக்கே சந்திப்பின், எதன் வலப்பக்கத்தே மற்றது தோன்றுகின்றதோ அதுவே ஒதுங்குக. பின்வந்து முந்தும் கலம் எவ்வகையினதாயினும், முந்தப்படுவதற்கு இடங்கொடுத்து விலகுக. இயந்திரக் கலம் பாய்க்கலத்திற்கும், வலையிட்டு எளிதில் திரும்பலாகாத மீன்பிடி கலத்திற்கும் ஒதுங்குக. இரவில் இவற்றிற்குத் துணையாவன விளக்குகளே. கலத்தின் இடப்பக்கத்தே செவ்விளக்கும், வலப்பக்கத்தே பச்சை விளக்கும், பின்புறத்தே வெள்விளக்கும் எரியும். ஆதலின், தன் வலப்பக்கத்தே ஒரு செவ்விளக்கு குறுக்காக நெருங்கக் காணும் மீகாமன், ஒதுங்கவேண்டியவன் தானே என்பதை உடனே உணர்வான்.

நிற்க. இவ்விதித்தொகுதியை முற்றும் ஓதினும் ‘வழியுரிமை’ என்னுஞ் சொல்லை அதன்கண் காண்கிலேம். வழிவிடும் கலம் என்றும் நேர்செல்லும் கலம் என்றும் இருவகையே கூறப்படுகின்றன. முன்னதற்கு உரியது கடமை. பின்னதற்கு உரியதும் கடமையே. 17-ஆம் விதி அக்கடமையை மூன்று படியாக வகுக்கின்றது. முதற்கண், நேர்செல்லும் கலம் தன் திசையையும் விரைவையும் மாற்றாது செல்லல் வேண்டும். இரண்டாவது, வழிவிடவேண்டிய கலம் தன் கடனை ஆற்றாமை தெளிவாகத் தோன்றின், நேர்செல்லும் கலம் தானே விலகலாம். மூன்றாவது, மற்றதன் முயற்சி ஒன்றினால் மட்டும் மோதலைத் தவிர்த்தல் இயலாதென்னும் அளவிற்கு நெருங்கிவிடின், தவிர்த்தற்கு வேண்டுவன செய்தே தீரல் வேண்டும். “உரிமை எனது, தவறு அவனது” எனக் கைகட்டி நிற்போனை இவ்விதி குற்றமற்றவனென்று விடுவதில்லை.

திசைமாறாது செல்லுதலை ஏன் கடமை என்றனர்? ஒடுக்கமான தெருவில் எதிர்வரும் இருவர், ஒருவர்க்கொருவர் வழிவிடக் கருதி ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்ளுதலை நாம் கண்டிருக்கின்றோம். தெருவில் அது நகைப்பிற்கு இடம். கடலில் அது சாவிற்கு இடம். ஆகவே காலமல்லாக் காலத்துக் காட்டும் உபசாரமும் ஆண்டுத் தீங்கேயாம். தான் செய்யப்போவது இன்னதென்று மற்றவன் முன்னரே அறிதற்கு ஏலுமாறு நடத்தலே கடலின்கண் நாகரிகம்.

இதற்கு ஒரு சான்று காட்டுதும். 1956-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் கீழ்கரையை அடுத்த நாண்டக்கெட் தீவிற்குத் தெற்கே, ஆந்திரேயா தோரியா என்னும் இத்தாலியப் பயணிக் கப்பல் மூடுபனியினூடே நியூயார்க்கை நோக்கி விரைந்து வந்தது. ஸ்டாக்ஹோம் என்னும் சுவீடன் நாட்டுக் கப்பல் நியூயார்க்கினின்று புறப்பட்டு எதிரே சென்றது. இரண்டிலும் ரேடார் கருவி இருந்தது. அதனால் இரண்டும் மற்றதன் வரவைப் பன்மைல் தொலைவிலேயே அறிந்தன. எனினும் இத்தாலியக் கலத்தார், வலப்பக்கம் வலப்பக்கத்தை நோக்க இரண்டும் கடந்து செல்லும் என்று கொண்டு, சிறிதே இடப்புறந் திருப்பினர். சுவீடன் கலத்தார், இடப்பக்கம் இடப்பக்கத்தை நோக்கவே கடக்கும் என்று கொண்டு, வலப்புறந் திருப்பினர். விளக்குகள் கண்ணுக்குப் புலனானபோது காலங்கடந்துவிட்டது. ஸ்டாக்ஹோமின் முகப்பு தோரியாவின் விலாவைப் பிளந்தது. இருகலத்தினும் 51 பேர் மாண்டனர். மறுநாட் காலை தோரியா மூழ்கிற்று. இருசாராரும் செய்துகொண்ட உடன்பாட்டால் வழக்கு முடிந்தமையின், குற்றம் இன்னாரதென்று நீதிமன்றம் தீர்ப்புரைக்கவில்லை.

எமக்கு அத்தீர்ப்பு வேண்டுவதன்று. இருவரும் தத்தம் நெறியே நேர்நெறியென நம்பினர் என்பதொன்றே நாம் கருதற்பாலது. இன்றைய விதிகள் இவ்விடத்தே மிகக் கண்டிப்பானவை. விலகுவோன் காலத்தே விலகுக. மற்றவன் கண்டறியுமாறு பெரிதாக விலகுக. சிறிது சிறிதாகத் திரும்பற்க. அரைகுறையாகக் கண்ட ரேடார்ச் செய்தியைக்கொண்டு துணியற்க. அன்றியும், மூடுபனியில் ஒன்றையொன்று கண்ணாற் காணாத கலங்களுள் நேர்செல்லும் கலம் என்று ஒன்று இல்லவேயில்லை. இரண்டுமே மோதலைத் தவிர்க்குங் கடப்பாடுடையன. பார்வை குறையுமிடத்தே உரிமை அறவே ஒழிந்து கடமை இரட்டிக்கின்றது.

இனி, “பெருங்கப்பல் வலையிட்ட படகிற்கு ஒதுங்கவேண்டுமென்று விதியே கூறுமாயின், மீனவன் அதனை உரிமையாகக் கொள்ளுதலிற் பிழை என்னை?” என்று கேட்பாரும் உளர். நேர்மையான கேள்வியே. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கேரளத்து முனம்பத்தினின்று சென்ற விசைப்படகொன்று கப்பல் மோதி மூழ்கிற்று. அதன்கண் இருந்தோருட் பலர் நம் குமரி மாவட்டத்துக் கடற்கரையினர். அத்தகைய துயரத்தைக் கேட்டோர் யாரே நெஞ்சு கொதியார்? கண்ணாலும் காதாலும் பிற கருவிகளாலும் இடையறாது நோக்கிக் காத்தல் எல்லாக் கலத்திற்கும் விதித்த கடன்; பெருங்கலம் அதனிற் சோர்தல் பொறுக்கத்தக்கதன்று.

ஆயினும், மாண்டவனுக்கு உரிமை இருந்ததென்று நிறுவுதலால் அவன் மனைவி மக்கட்கு அவன் மீள்வனோ? பெருங்கப்பலின் மேற்றளத்து நிற்போன், அலைகளிடையே தாழ்ந்து கிடக்கும் சிறுபடகைக் காண்டல் எளிதன்று. கண்டபின்னும் அத்துணைப் பெருங்கலம் உடனே நில்லாது; இயந்திரத்தை நிறுத்தியும் நெடுந்தொலைவு ஓடும். ஆகவே விளக்கை அணையாது வைத்தலும், படகில் ஒருவரேனும் உறங்காது விழித்திருத்தலும் மீனவன் தன் உயிரைத் தானே காக்கும் வழிகளாம். துடுப்பாற் செல்லும் சிறு தோணியும், வேண்டுங்காற் காட்டுதற்கு ஒரு வெள்விளக்கைக் கையகத்தே வைத்திருத்தல் வேண்டுமென்று விதி கூறுதல் நோக்கத்தக்கது.

இடரை அறிதற்கு விதி கூறும் வழியும் எளிதே. நெருங்கிவரும் கலத்தைத் திசைகாட்டியால் நோக்குக. அது தோன்றுந் திசை நன்கு மாறிக்கொண்டே வரின் பெரும்பாலும் அச்சமில்லை. திசை மாறாது உருவம் மட்டும் பெருகிவரின் மோதல் அணித்து. ஐயம் தோன்றினாலோ, இடர் உண்டென்றே கொள்ளல் வேண்டும். “ஒன்றும் நேராது” என்று வாளா நம்புதற்கு அவ்விதி இடங்கொடுக்கவில்லை.

ஆபிரகாமின் மேய்ப்பர்க்கும் லோத்தின் மேய்ப்பர்க்கும் பூசல் விளைந்த வரலாற்றைத் திருமறையிற் கற்றுள்ளோம். மூத்தோனாகிய ஆபிரகாம் நிலத்தை முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தனக்கென வையாது, லோத்து ஒருபுறஞ் சென்றால் தான் மறுபுறஞ் செல்வதாக உரைத்தான். அவன் பெருந்தன்மையை நாம் புகழ்கின்றோம். ஆயின் அப்பெருந்தன்மை பயன்பட்டது, பூசல் முற்றுமுன்னரே அவன் அதனை உரைத்தமையானும், ஐயத்திற்கு இடமின்றி உரைத்தமையானுமே. காலத்தே விலகுதல், தெளிவாக விலகுதல் என்னுங் கடல்விதிகள் இரண்டும் அதன்கண் அடங்கியுள்ளன.

நெய்தல் நிலத்து ஊர்களினின்று வரும் மாணாக்கர் நம் கல்லூரியிற் பலர் உளர். கடலையும் காற்றையும் நன்கறிந்த தம் ஊர்ப் பெரியோர்க்கு அவர் கற்பிக்கத்தக்கது மிகுதியாக ஒன்றுமில்லை. எனினும், எதிர்வரும் கப்பலின் மீகாமன் எவ்விதியை நினைந்து தன் கலத்தைத் திருப்புவான் என்பதை, விடுமுறைக்காலத்து ஒரு மாலைப்பொழுதில் ஊரார் பேசுந் தமிழிலேயே எடுத்துரைத்தல் அவர்க்கு இயலாததன்று. கடற்கரைப் பள்ளிகளின் பாடத்திலும் இஃது இடம்பெறுதல் வேண்டும். உரிமையை நிலைநாட்டக் கரையில் நீதிமன்றம் உண்டு. நள்ளிரவில் நடுக்கடலில் இருப்பன இரண்டு விளக்குகளும், அவற்றின்பின் விழித்திருக்கும் இருவருமே. அவ்விருவரும் தத்தங் கடனை அறிந்திருப்பின் இருவருங் கரைசேர்வர்.