'அலாஸ்கா டெய்லி' தொடரில் துப்பு கிடைக்கிறது.. நிஜத்தில் ஏன் கிடைப்பதில்லை? காணாமல் போகும் பூர்வகுடிப் பெண்கள்

நியூயார்க்கில் வேலையை இழந்த ஒரு பெண் நிருபர், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் சேருகிறார். அங்கே பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த சக பெண் நிருபருடன் சேர்ந்து, போலீஸ் ஒழுங்காக விசாரிக்காமல் கைவிட்ட ஒரு பூர்வகுடிப் பெண்ணின் மரணத்தைத் தோண்டுகிறார். ஹிலாரி ஸ்வாங்க் நடிப்பில் 2022 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கிய 'அலாஸ்கா டெய்லி' தொடரின் கதை இதுதான்.

கதாபாத்திரங்கள் கற்பனை. பின்னணி கற்பனை அல்ல. 'ஆங்கரேஜ் டெய்லி நியூஸ்' நாளிதழும் 'ப்ரோபப்ளிகா' நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரைகள்தான் இந்தத் தொடருக்கு அடிப்படை. 2020-ல் புலிட்சர் விருது வென்ற கட்டுரைகள் அவை. அவற்றை எழுதிய கைல் ஹாப்கின்ஸ், தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

போலீஸே இல்லாத ஊர்கள்

அந்தக் கட்டுரைகள் சொன்ன முக்கியமான விஷயம் எந்த மர்மக் கொலையாளியைப் பற்றியதும் அல்ல. அலாஸ்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான ஊர்களில் உள்ளூர் போலீஸே கிடையாது என்பதுதான் அது.

இந்தியாவின் பரப்பளவில் பாதிக்கும் மேல் பெரிய மாநிலம் அலாஸ்கா. மக்கள்தொகையோ சுமார் 7.3 லட்சம்தான். பல பூர்வகுடி கிராமங்களுக்குச் சாலை இல்லை. புகார் கொடுத்தால் மாநில போலீஸ் சிறிய விமானத்தில்தான் வந்து சேர வேண்டும். பனிப்புயல் அடித்தால் அதுவும் இல்லை. ஒருவர் காணாமல் போனால் முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் இங்கே காத்திருப்பதிலேயே கழிந்துவிடுகிறது.

போலீஸ் இருக்கும் ஊர்களிலும் நிலைமை சரியில்லை. ஸ்டெபின்ஸ் என்ற கிராமத்தில் அப்போது பணியில் இருந்த 7 போலீஸாரும் குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் என்பதை இந்தப் புலனாய்வு வெளிக்கொண்டு வந்தது. தலைமை அதிகாரியும் அதில் அடக்கம்!

கணக்கும் இல்லை

2016-ல் அமெரிக்காவில் பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள் காணாமல் போனதாக 5,712 புகார்கள் பதிவாகின. ஆனால் நீதித்துறையின் காணாமல் போனோர் தரவுத்தளத்தில் இருந்தவை 116 மட்டுமே. 5,712 பேரும் இன்னும் கிடைக்கவில்லை என்று சோஷியல் மீடியாவில் பரவுவது தவறு. அது அந்த ஆண்டில் பதிவான புகார்களின் எண்ணிக்கை மட்டுமே. அதற்காக இந்த இடைவெளி சின்ன விஷயம் ஆகிவிடாது. பூர்வகுடிப் பெண்ணை வேறு இனத்தவர் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. அப்புறம் எந்தப் பட்டியலில் போய்த் தேடுவது?

என்ன மாறியது?

கட்டுரைகள் வெளியான சில வாரங்களில், கிராமப்புற அலாஸ்காவில் சட்டம் ஒழுங்கு அவசரநிலையை மத்திய அரசு அறிவித்து, 1 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. போலீஸ் துறைகள் தகவல்களை முறையாகப் பதிந்து பகிர்வதற்கான 'சவானா சட்டம்' 2020 அக்டோபரில் வந்தது.

காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைவுகூரும் நாளாக மே 5 கடைப்பிடிக்கப்படுகிறது. முகத்தில் சிவப்புக் கை அச்சுடன் குடும்பங்கள் ஊர்வலம் போகும் நாள் அது. 2023-ல் அந்த நாள் முடிந்த சில தினங்களிலேயே, 11 எபிசோடுகளோடு 'அலாஸ்கா டெய்லி'யை ஏபிசி நிறுத்திவிட்டது.