ஏழாவது ஆளுக்கு ஒரு பிடி



மே மாதம் பிறந்தாலே என் மனசு ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனைகளும் சூழ்ந்த சின்ன ஊர் எங்களுடையது. விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கிவிட்டால் காலையில் கோவில் மணி அடிக்கும் முன்பே வேப்பமரத்தடியில் இடம் பிடித்துவிடுவோம். மனப்பாட வசனம் தப்பில்லாமல் ஒப்பித்தால் ஒரு வண்ணப்பட அட்டை கிடைக்கும். திரும்பும் வழியில் பனையேறும் மாமா யாராவது கூப்பிட்டு, ஓலைப் பட்டையில் பதனீர் ஊற்றித் தருவார். மடக்கிப் பிடித்த பட்டையின் ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்கும்போது மூக்கில் ஏறும் பச்சை ஓலை வாசனை, இத்தனை வருடம் கழித்தும் நினைத்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் வயது ஏற ஏற, இவற்றையெல்லாம் தாண்டி ஒரு தகர டப்பாதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எங்கள் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். உலை வைத்துவிட்டு அம்மா உழக்கால் அரிசி அளப்பாள். அளந்த அரிசியைக் களையுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுவாள். போடும்போது உதடு அசையும், சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியைக் கோவிலுக்குச் சுமந்து போவது என் வேலை. பீடத்தின் பக்கம் வைத்திருக்கும் பெட்டியில் வீட்டுக்கு வீடு வந்த அரிசி ஒன்றாகக் கலந்து கிடக்கும். வெள்ளை, சிவப்பு, குருணை என்று அதில் எங்கள் பிடி எது என்று தேடுவேன். கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. அம்மா உழக்கைத் தலைதட்டி அளக்கத் தொடங்கிய காலம் அது. அப்போதும் அந்தப் பிடி நிற்கவில்லை. எனக்கு எட்டு வயது இருக்கும். பசியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தவன், "ஆறு பேருக்கே காணாது, இதுல எதுக்கும்மா எடுத்துப் போடுத?" என்று கேட்டுவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "ஏல, வீட்ல ஆறு பேருன்னு நீதான் எண்ணுத. நான் ஏழு பேருக்குல்லா அளக்கேன்" என்றாள். அந்த ஏழாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா வேதம் வாசித்தபோது, பாயில் எனக்கும் தம்பிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கைப்பிடி அரிசி என்ற இந்த வழக்கம் எளியவர்களின் காணிக்கை. காசு புழங்காத வீட்டிலும் அடுப்பு எரிந்தால் ஒரு பிடி உண்டு. மிசோரம் கிறிஸ்தவப் பெண்களும் 1910 முதல் இதே போல் வேளைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். நம் நெல்லைச் சீமை கொடுக்கப் பழகிய சீமை. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு சேர்ந்த நம்மவர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம்மவர் கையால், நம்மவர் காணிக்கையால் நடக்க வேண்டிய ஊழியம் என்பதே அவர்கள் தீர்மானம். அந்தக் காணிக்கையின் பலத்தில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் புறப்பட்டுப் போனார்கள். அசரியா 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார். தன் வயிற்றைக் கொஞ்சம் சுருக்கி, முகம் தெரியாத ஒருவருக்காக எடுத்து வைத்த விசுவாசம் அது. அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது நாம் ருசித்ததும் அந்த விசுவாசத்தைத்தான்.

சென்னைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் அரிசி இருபத்தைந்து கிலோ மூட்டையாக வருகிறது. குக்கரில் வேகிறது. டப்பா இல்லை. ஆலயத்துக்குப் போகிறோம், காணிக்கை போடுகிறோம், எதையும் விட்டுவிட்டதாக நான் நினைத்ததில்லை. போன மாதம் என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இரவு தனியாக அரிசி அளந்தேன். ஒரு ஆளுக்கு அரை டம்ளர். கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு ஆள் என்று எப்போதிருந்து எண்ணத் தொடங்கினேன்? ஆறு பேருக்கும் காணாத வீட்டில் ஏழு பேருக்கு அளந்தவளின் பிள்ளை, மூட்டை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு அளந்துகொண்டிருக்கிறேன்.

நாம் ஏங்குவது அந்தப் பழைய நாட்களுக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த நாட்களில் பஞ்சம் இருந்தது, காய்ச்சல் இருந்தது, கடன் இருந்தது. ஆனாலும் வீட்டில் ஒருவர் கூட இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். பனையும் பதனீரும் திரும்பி வராமல் போகலாம். அம்மாவும் மண்ணுக்குள் போய்விட்டாள். அந்த ஏழாவது ஆள் எங்கும் போகவில்லை. பிள்ளையாக இருந்தபோது பயந்தால் அம்மாவின் சேலை இருந்தது. இன்று பிள்ளைகள் தூரத்தில், உடம்பில் சர்க்கரை, நாளை எப்படியோ என்ற கவலை. இப்போதல்லவா அவர் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்! சிறு பிள்ளைகளைப் போல ஆகச் சொன்ன ஆண்டவர் நம்மைப் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. இன்றைக்கே, இந்த வயதிலேயே, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்காரச் சொல்கிறார்.

பிரியமானவர்களே, இந்த விடுமுறையில் பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஊர்க்கதை சொல்லுங்கள், வசனம் சொல்லிக் கொடுங்கள். அதோடு ஒரு நாள் அவர்களை அடுப்படிக்கு அழைத்து, அவர்கள் கையாலேயே ஒரு பிடி எடுத்துப் போடச் சொல்லுங்கள். யாருக்கு என்று கேட்டால் பதில் சொல்ல உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அந்தப் பிடி எப்படிப் போடப்பட்டது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்றிரவு அரை டம்ளரிலிருந்து ஒரு பிடி எடுத்து, காலியாகக் கிடந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். கண்ணாடியில் அரிசி விழுந்த சத்தம் கேட்டது. தகர டப்பாவின் சத்தம் வேறு. ஆனால் என் உதடு தானாக அசைந்தது.

ஜெபங்களுடன்,
ஆசிரியர்