திருடன் யாருன்னு தெரிஞ்சுட்டா மர்மம் போச்சா?

எரிக் கேஸ்ட்னரோட 'எமிலும் துப்பறிவாளர்களும்' பத்திப் பேச்செடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "திருடன் யாருன்னு எடுத்த எடுப்பிலேயே தெரிஞ்சுடுது, இதெல்லாம் ஒரு துப்பறியும் கதையா?"ன்னு ஒண்ணு. "சின்னப் பசங்க புக்கு, அதுல போய் என்னத்தத் தேடறது?"ன்னு இன்னொண்ணு. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கோபப்படாமப் படிங்க மக்கா.

படிக்காதவங்களுக்கு: 1929ல் வந்த ஜெர்மன் நாவல். நாய்ஸ்டாட்டுங்கிற சின்ன ஊர்ப் பையன் எமில் தனியா ரயிலேறி பெர்லின்ல இருக்கிற பாட்டி வீட்டுக்குப் போறான். கோட்டுப் பையில 140 மார்க். வழியில தூங்கிடறான். முழிச்சா பணமும் இல்லை, கூட வந்த தொப்பிக்கார க்ருண்டைஸும் இல்லை.

140 மார்க்னா எவ்வளவு? எமிலுக்கு அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே பெண்களுக்குத் தலை அலசி, அலங்காரம் பண்ணிச் சம்பாதிக்கிறாங்க. வாரத்துக்கு 35 மார்க் சம்பாதிக்கிறவங்களுக்கு 140 மார்க்ங்கிறது பெரிய பணம்னு கேஸ்ட்னரே முதல்லயே சொல்லிடறார். நாலு வாரக் கூலி சாமி! அதுல 120 பாட்டிக்கு, 20 இவன் செலவுக்கு.

சரி, பறிகொடுத்தவன் நேரா போலீஸ்கிட்ட போகவேண்டியதுதானே? அங்கதான் விஷயமே இருக்கு. ஊர்ல கிராண்ட் ட்யூக் கார்ல் சிலைக்குச் சிவப்பு மூக்கும் கறுப்பு மீசையும் வரைஞ்சு வெச்சவன் எமில். போலீஸைப் பார்த்தாலே தன்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு நடுங்கறான். உண்மையான திருடன் ஹாயா காபிக் கடையில உட்கார்ந்து சாப்பிடறான். பறிகொடுத்த பையன் குற்றவாளி மாதிரி ஒளிஞ்சு நிக்கிறான். இதை எழுதத் தெரிஞ்சவன்கிட்ட போய் "யாரு திருடன்னு கடைசி வரைக்கும் மறைக்கலையே"ன்னு கேக்கறீங்களேப்பா!

இந்தக் கதையில கேள்வியே வேற. ஒரு சின்னப் பையன் சொல்றதைப் பெரியவங்க யாராவது நம்புவாங்களா? டிராம்ல டிக்கெட்டுக்குக் காசில்லைன்னு சொன்னா கண்டக்டர் நம்பலை. பேங்க்ல க்ருண்டைஸ் நோட்டை மாத்த நிக்கும்போது, பசங்க கூட்டமா போய் இது திருட்டுப் பணம்னு சொன்னாலும் அந்த ஆள் சிரிச்சே சமாளிக்கப் பார்க்கறான். அப்பதான் எமிலுக்கு அந்தக் குண்டூசி ஞாபகம் வருது. பத்திரமா இருக்கட்டும்னு கவரையும் நோட்டுகளையும் கோட்டோட சேர்த்துக் குத்தி வெச்சிருந்தான். நோட்டுல ஓட்டை இருக்கு! குண்டூசின்னா உண்மையின் குறியீடு, அம்மா பாசத்தின் குறியீடுன்னு கோனார் நோட்ஸ் போடாதீங்க, ப்ளீஸ். அது சாட்சி. சின்னப் பையன் வாயை நம்பாத உலகம் ஓட்டையை நம்புது. எனக்கு இதைவிடப் பெரிய மர்மம் வேண்டாம்.

அப்புறம் குட்டி டீன்ஸ்டாக். (டீன்ஸ்டாக்னா ஜெர்மன்ல செவ்வாய்க்கிழமை. என்ன பேருடா!) மத்த பசங்க டாக்ஸியில துரத்தறாங்க, ஹோட்டலைச் சுத்திக் காவல் நிக்கிறாங்க. இவன் வீட்டில டெலிபோன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான். அவ்வளவுதான் வேலை. இவனுக்கும் ஓடணும்னு ஆசை இருக்காதா? ஆனா இவன் எழுந்து போனா யாருக்கும் யார் எங்கேன்னு தெரியாது. ஹார்ன் அடிக்கிற குஸ்தாவை எல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க, இவனை மறந்துடறாங்க. கடைசியில பாட்டி ஒருத்திதான் இவனைத் தனியா பாராட்டறா.

அந்தப் பாட்டியைப் பத்தியும் சொல்லணும். இதிலிருந்து என்ன பாடம்னு வீட்டில பேச்சு வருது. யாரையும் நம்பாதேன்னு எமில், பிள்ளைங்களைத் தனியா அனுப்பாதேன்னு அம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்லை, பணத்தை மணியார்டர்ல அனுப்பணும், அதுதான் பாடம்ங்கறா பாட்டி! நீதி தேடி வர்றவங்களுக்கு கேஸ்ட்னர் 1929லயே போட்ட குட்டு இது.

"சின்னப் பசங்க புக்கு" கோஷ்டிக்கு ஒரே ஒரு தகவல். 1933 மே 10ஆம் தேதி பெர்லின்ல நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தினப்ப கேஸ்ட்னரோடதும் எரிஞ்சது. அவரே கூட்டத்துல நின்னு பார்த்தார். 'எமில்' மட்டும் அப்போதைக்குத் தப்பிச்சது. தலைவன் உத்தரவுன்னு ஒண்ணு இல்லாம, பசங்களே கூடிப் பேசி, வேலையைப் பிரிச்சு, ஒருத்தனை வளைச்ச கதை! எரிச்சவங்களுக்கும் உங்க மாதிரியே அது தெரியலை போல.

குறையே இல்லையான்னா, இருக்கு. போனி ஹ்யூட்சென். சைக்கிள்ல பறக்கிற, எமிலைவிட வாய்த்துடுக்கான அத்தனை நல்ல பாத்திரம். அவளைக் காபியும் ரொட்டியும் கொண்டுவர வெச்சுட்டு, துரத்தற வேலையெல்லாம் பையன்களுக்குக் கொடுத்துட்டார் மனுஷன். அந்தக் காலம் அப்படின்னு சால்ஜாப்பு சொல்லிட்டு வராதீங்க. இந்த ஒரு விஷயத்துல கேஸ்ட்னரைத் திட்டறவங்க பக்கம்தான் நான்.