எதிராளியின் கட்டில் அருகே போய் நின்ற வேட்பாளர்... யார் இந்த ஷெர்லி சிஸம்?

2019 ஜனவரியில் கமலா ஹாரிஸ் முதல்முறையாக அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கினார். சென்னையில் பிறந்த அவர் அம்மா ஷியாமளா கோபாலனைப் பற்றி நாம் நிறையவே படித்துவிட்டோம். ஆனால், கமலாவின் பிரசார லோகோவில் இருந்த சிவப்பும் மஞ்சளும் யாருடைய நிறங்கள் தெரியுமா? 1972-ல் இதே போட்டியில் நின்ற ஷெர்லி சிஸம் என்பவருடையவை. பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் 'சிஷோல்ம்' என்று வாசிக்கத் தோன்றும். உச்சரிப்பு 'சிஸம்'தான்.

முதலில் பிரைமரி என்றால் என்ன என்று ஒரு வரியில் பார்த்துவிடுவோம். அங்கே கட்சித் தலைமை உட்கார்ந்து பேசி 'இவர்தான் வேட்பாளர்' என்று அறிவித்துவிட முடியாது. மாகாணம் மாகாணமாக உட்கட்சித் தேர்தல் நடக்கும், அதில் கிடைக்கும் பிரதிநிதிகள் மாநாட்டில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஷெர்லி 1924-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர், தொழிற்சாலைத் தொழிலாளி. அம்மா பார்படாஸ் தீவிலிருந்து வந்தவர். தையல் வேலை செய்தார், மற்றவர்கள் வீடுகளில் வேலை பார்த்தார். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வருமானம் போதாமல் பிள்ளைகளைப் பார்படாஸில் இருந்த பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். ஷெர்லி பல வருடங்கள் அங்கேதான் வளர்ந்தார். 1934-ல் புரூக்ளின் திரும்பினார். சரளமாகப் பேசவும் எழுதவும் வந்ததற்கு அந்தத் தீவுப் பள்ளியின் கறாரான படிப்புதான் காரணம் என்று பிற்பாடு சொல்வார்.

மழலையர் பள்ளி ஆசிரியை, நியூயார்க் மாகாண சட்டமன்ற உறுப்பினர் என்று படிப்படியாக வந்தவர், 1968-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான்! தன்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது, தனக்கு மேலே முதலாளியும் கிடையாது என்பதுதான் அவரது தேர்தல் கோஷம்.

உள்ளே போனதும் அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். அதிலும் வனத்துறைப் பிரிவு. நெருக்கடியான நகரத் தொகுதியின் உறுப்பினருக்குக் காட்டைப் பற்றி என்ன வேலை? புதுமுகங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அன்றைய எழுதப்படாத விதி. ஷெர்லி சபையிலேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பிறகு முன்னாள் ராணுவத்தினர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். என் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் ராணுவத்தினர் அதிகம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். குறும்புக்காரர்தான்!

1972 ஜனவரி 25 அன்று, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிடுவதாக அறிவித்தார். வியட்நாம் போரை நிறுத்த வேண்டும், பெண்களுக்குச் சம உரிமை வேண்டும், வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை, ஏழைகளுக்கு உணவு உதவி, உழைப்பவர்களுக்கு நியாயமான கூலி... இவையெல்லாம் அவரது நிலைப்பாடுகள். இன்றைக்கும் அங்கே சண்டை இவற்றில் பாதியைச் சுற்றித்தான்.

ஆதரவு கிடைத்ததா என்றால், எனக்கு ஆச்சர்யமே இங்கேதான். முந்தைய வருடம்தான் கறுப்பின எம்.பி-க்களின் கூட்டமைப்பையும், பெண்களுக்கான தேசிய அரசியல் அமைப்பையும் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால், முன்னதிலிருந்த ஆண்களில் பலரும், பின்னதிலிருந்த பெண்களில் பலரும், ஜெயிக்க வாய்ப்புள்ளவர் என்று ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கம் சாய்ந்தார்கள். கறுப்பினத்தவர் என்பதைவிட, பெண் என்பதால்தான் அதிகப் பாகுபாட்டைச் சந்தித்தேன் என்று ஷெர்லி சொன்னது சும்மா இல்லை. டிவி விவாதங்களிலும் இடம் தரவில்லை. சட்டப்படி போராடித்தான் டிவியில் பேச நேரம் வாங்கினார்.

அதே போட்டியில் இருந்த இன்னொருவர் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பிரிந்தேதான் இருக்க வேண்டும், இன்றும் என்றும் என்று 1963-ல் பதவியேற்பு மேடையிலேயே முழங்கியவர். 1972 மே 15 அன்று பிரசாரத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது.

ஷெர்லி அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார்.

வாலஸாலேயே நம்ப முடியவில்லை. உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்றார் ஷெர்லி. வாலஸ் அழுதுவிட்டாராம். வெளியே ஷெர்லியின் ஆதரவாளர்கள் கொந்தளித்தார்கள். பிரசாரத்தில் வேலை செய்த கல்லூரி மாணவி பார்பரா லீ, பிற்பாடு தானே எம்.பி ஆனவர், அவருக்கும் அன்று கோபம்தான். நியாயமான கோபம் என்றுதான் எனக்கும் படுகிறது. வாலஸின் அரசியலால் அடிபட்டவர்களிடம் போய் 'பெருந்தன்மையாக இருங்கள்' என்று யார் சொல்ல முடியும்?

ஜூலையில் மயாமி பீச் மாநாட்டில் ஷெர்லிக்குக் கிடைத்தது 152 வாக்குகள். வேட்பாளர் ஆன மெக்கவர்ன், நிக்சனிடம் 50-ல் 49 மாகாணங்களைத் தோற்றார்.

ஷெர்லி நாடாளுமன்ற வேலைக்குத் திரும்பினார். அமெரிக்காவில் 1938-லேயே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், அதில் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவில்லை. தெற்கு மாகாணங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஷெர்லியின் அம்மா செய்த அதே வேலை! அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஷெர்லி போராடினார். தெற்கத்தி எம்.பி-க்களின் ஓட்டு இல்லாமல் அது நடக்காது. அவர்களோ ஷெர்லி சொல்லிக் கேட்பவர்கள் இல்லை.

வாலஸ் சொன்னால் கேட்பார்கள். ஷெர்லிக்காக அவர் அவர்களிடம் பேசினார். 1974-ல் சட்டம் திருத்தப்பட்டது.