ரெண்டு சக்கரம் – 9: சர்வீஸ் முடிந்து வந்த வண்டி சிக்னலில் நின்றால்...

போன வாரம் செயின் புராணம் பாடியாச்சு. இந்த வாரம் ஐடிலிங். ஆக்சிலேட்டரை முழுசா விட்ட பிறகும் வண்டி ஆஃப் ஆகாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த நிலை. நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் "ஸ்லோ".

வண்டி அறைத்தோழனுடையது. 2009 மாடல் கவாசாகி நிஞ்சா 250ஆர், நாலாவது கையோ அஞ்சாவது கையோ. ஐரோப்பாவில் இந்த மாடல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது, அமெரிக்காவில் விற்றது கார்புரேட்டரோடு. ரெண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்புரேட்டர். போன மாசம் பக்கத்து ஊர் கடை ஒன்றில் ஆயில், ஸ்பார்க் ப்ளக், செயின் என்று வழக்கமான சர்வீஸ் செய்துகொண்டு வந்தான். கொண்டுபோகும்போது நன்றாக ஓடிய வண்டி. வந்ததிலிருந்து இன்ஜின் சூடாகும்வரை ஒழுங்காக இருக்கும். சூடானதும் ஆரம்பிக்கும் கூத்து. ஆக்சிலேட்டரை விட்டால் முள் உடனே இறங்காமல் 2500இல் கொஞ்ச நேரம் தொங்கும், அப்புறம் திடீரென்று 900க்கு விழும், ரெண்டு இருமல், ஆஃப். ஆனால் நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிக்னலில் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாமே என்று தோணலாம். இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்கணும். கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து, பாதி திரும்பும்போது வண்டி ஆஃப் ஆனால் எதிரே வருகிற பிக்கப் டிரக்காரன் பிரேக்கை நம்பித்தான் நம் உயிர். அவனுக்கு அது ஒருதரம் நடந்தது. பையனுக்கு ராத்திரி பதினொரு மணிவரை லேபில் வேலை, அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. கடையில் கேட்டதற்கு, "கார்புரேட்டர் ரெண்டையும் கழற்றி சுத்தம் பண்ணணும், 340 டாலர்" என்றார்களாம். அது அவன் பங்கு வாடகையை விட அதிகம்.

கடைக்காரர் சொன்னதை அப்படியே பொய் என்று தள்ள முடியாது. இங்கே பம்ப்பில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம்வரை எத்தனால் இருக்கும். குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தால் பைலட் ஜெட் என்கிற ஊசிமுனை ஓட்டை அடைத்துக்கொள்ளும், ஐடிலிங் கெடும். ஆனால் அது வண்டி கிடையாய்க் கிடந்து வருகிற வியாதி. தினமும் ஓடுகிற வண்டிக்கு, சர்வீஸுக்குப் போன அதே நாளில் ஜெட் அடைத்துக்கொண்டது என்றால் தற்செயல் கொஞ்சம் ஓவர். நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "மச்சி, கடைசியா எங்கெங்க கை வெச்சாங்க?"

பில்லைப் பார்த்தோம். செயினுக்கும் ஐடிலிங்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ப்ரீதர் வழியாக ஏர் பாக்ஸுக்குள் போய் இன்ஜின் மூச்சுத் திணறும். ஆயில் கண்ணாடியில் அளவு சரியாகவே இருந்தது. மிச்சம் ப்ளக். இந்த வண்டியில் ப்ளக்கைத் தொட பெட்ரோல் டேங்கைத் தூக்கணும். டேங்கைத் தூக்க அதில் மாட்டியிருக்கும் டியூப்களை உருவணும். கை பட்ட இடம் கிடைத்துவிட்டது.

உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. வண்டி சூடாகி முள் ஆடும்போது சோக்கை லேசாக இழுக்கச் சொன்னேன். ஐடிலிங் உடனே சமனாச்சு. சோக் என்ன செய்யும்? பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோல் கூடினால் குணமாகிறது என்றால், அதுவரை காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ இருந்திருக்கிறது. முள் 2500இல் தொங்கியதும் அதே கதைதான். நம்ம ஊரில் "ஏர் எடுக்குது" என்பார்களே, அது.

அடுத்தது எந்த சிலிண்டர் என்று பார்க்கணும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் ரெண்டு சைலன்சர் குழாயிலும், இன்ஜினை ஒட்டிய இடத்தில், ஆளுக்கு ஒரு சொட்டு தண்ணீர் விட்டோம். ஒன்று தோசைக்கல் மாதிரி "சொய்ங்" என்றது. மற்றதில் சொட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்துத்தான் ஆவியாச்சு :-) அந்த சிலிண்டர் சோம்பேறி. (இதையெல்லாம் மூடிய கராஜுக்குள் செய்யாதீர்கள் மக்களே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.)

இப்போது டேங்கின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தோம். இந்த மாடலில் பெட்ரோல் டேப் கையால் திருப்புவது இல்லை, வாக்குவம் டேப். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்த உறிஞ்சலே ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியாகப் போய் டேப்பைத் திறக்கும். டியூபின் மறுமுனை கார்புரேட்டர் பக்கம், அந்த சோம்பேறி சிலிண்டரின் பாதையில் மாட்டியிருந்தது. மாட்டிய முனையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். பழைய ரப்பர், உருவித் திரும்ப அழுத்தும்போது கிழிந்திருக்கிறது. குளிரில் கெட்டியாக மூடிக்கொண்டும், சூட்டில் இளகித் திறந்துகொண்டும் இருந்திருக்கிறது.

கீறலை விரலால் அழுத்தினேன். ஆட்டம் நின்றது, ஆனால் முள் நேராக 1900க்கு ஏறி நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. கடையில் ஸ்லோ சரியாக நிற்கவில்லை என்று ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. எனக்கு இதில்தான் கோபம். டியூப் கிழிவது யாருக்கும் நடக்கும், ஸ்க்ரூவை ஏற்றி மறைத்தால் அடுத்து பார்க்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

நெடுஞ்சாலையில் ஏன் தெரியவில்லை? ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம், போகிற மொத்தக் காற்றோ கொஞ்சம். கீறல் வழியாக நுழைவது அதில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்தால் உறிஞ்சல் குறையும், காற்றும் ஏகத்துக்குப் போகும். கீறல் கணக்கிலேயே வராது.

அந்த டியூபை உருவியபோதே இன்னொன்றும் பார்த்துக்கொண்டோம், உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று. இருந்தால் டேப்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் நேராக அந்த சிலிண்டருக்குள் ஒழுகுகிறது என்று அர்த்தம். அங்கே வைத்தியமே வேறு. இது காய்ந்து கிடந்தது. உதிரிபாகக் கடையில் ரெண்டு அடி வாக்குவம் டியூப் மூணு டாலர் சொச்சம். பழைய க்ளிப்பையே போட்டு மாட்டினோம்.

மாட்டிய பிறகு பத்து நிமிஷம் ஓட்டி, நல்ல சூட்டில் ஐடில் ஸ்க்ரூவை 1300க்கு இறக்கினோம். கையேட்டில் 1300, முன்பின் 50. கடைசியாக ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தோம். திருப்பும்போது முள் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கம். ஏறவில்லை.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வாங்கிய பைக் என்றால் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். சோக், ஜெட் எதுவும் இருக்காது. ஆனாலும் சர்வீஸுக்குப் பிறகு ஸ்லோ நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டர் பாக்ஸின் க்ளாம்ப், த்ராட்டில் பாடியை ஒட்டிய ரப்பர், கழற்றி மாட்டிய சென்சார் கனெக்டர் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.சி.எம்., ஈ.சி.யு. என்று பெரிய பெயராகச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன்னால்.

கடைக்குப் போன் போட்டு 340 டாலர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டான். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் முன்பக்க பிரேக் பேட்.